சும்மா கிடந்த பேர்

வலி இடது தோளில் தொடங்கி, முழங்கையில் கொஞ்ச நேரம் தங்கி, சுண்டுவிரலுக்கு இறங்கியது. இரவு ஷிப்ட் முடிந்து வண்டியில் வரும்போது அன்புமணி இரண்டு முறை கையை உதறிக்கொண்டான். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டின் ஓரமாக ராத்திரி முழுக்க நடந்தவனுக்குக் கால்தான் வலிக்க வேண்டும். கால் நன்றாக இருந்தது. தோள் மட்டும், எதையோ வெகு தூரம் சுமந்து வந்து இறக்கிவைத்த மாதிரி கனத்தது.

கத்திரி வெயில் நாட்கள். ஏழு மணிக்கே தார் ரோடு மினுங்கியது.

சற்று முன்னால்தான் கேட்டில் மெஷினுக்கு முகத்தைக் காட்டிவிட்டு வந்திருந்தான். விளக்கு பச்சையாகி, எழுத்து வந்தது: ஜெயப்பிரகாஷ், த/பெ சடையப்பன். போன வருஷம் அந்த மெஷினைப் பொருத்தியபோது ஒரு வாரம் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. முகம் பார்க்கிற மெஷின் முகத்துக்குப் பின்னால் இருப்பதையும் பார்த்துவிட்டால் என்ன செய்வது? அது பார்க்கவில்லை. அவன் முகத்தை ஒரு தடவை பிடித்து வைத்துக்கொண்டு, இவன் ஜெயப்பிரகாஷ் என்று தினமும் சொன்னது. மனுஷர்கள் சொன்ன பொய்யை மெஷினும் சொல்ல ஆரம்பித்த பிறகு, எது பொய் என்பதே அவனுக்குச் சில நாள் குழம்பியது.

குவார்ட்டர்ஸில் திலகவதி பழைய சோற்றில் மோர் ஊற்றி வைத்திருந்தாள். தொட்டுக்கொள்ள சுட்ட கருவாடு. பலாப்பழ வாசனை வீடு முழுக்க அடித்தது. பண்ருட்டியிலிருந்து அவள் தம்பி கொண்டுவந்து போட்டது, இரண்டு நாளாக மூலையில் பழுத்துக்கொண்டிருந்தது.

"கைய ஏன் புடிச்சிகினு வர்ற?" என்றாள் அவள்.

"ஒண்ணுமில்ல. மரத்துப் போச்சு."

"ஞாயித்துக்கெழம டிஸ்பென்சரில எவன் இருப்பான்? தைலம் தடவிகினு படு."

மகள் இளவேனில் ஹாலில் புத்தகங்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காலேஜில் பி.ஏ. இங்கிலீஷ் இரண்டாம் வருஷம். திங்கட்கிழமை ஐந்து பக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும்.

"அப்பா, ஒரு டவுட்டு. நானூறு வருஷத்துக்கு முந்தின டிராமா இது. ஒரு ராஜா, கூடவே இருந்த ஒருத்தர் நல்லது சொன்னதுக்காகத் துரத்தி விட்டுர்றாரு. அந்த ஆளு வேற வேஷம் போட்டுக்கிட்டு திரும்பி வந்து, அதே ராஜாவுக்கு வேலைக்காரனா இருக்காரு. இந்த மாறுவேஷத்தோட பங்கு என்னன்னு எழுதணும்."

அன்புமணி சோற்றைப் பிசைந்தான்.

"கடைசி வரைக்கும் சொல்லாமயே இருக்காருப்பா. சொல்றப்ப ராஜாவுக்குப் புத்தி கலங்கிப் போயிருக்கு. முன்னாடியே 'நான்தான்'னு சொல்லிருந்தா என்ன? ஏன் சொல்லல?"

"சொன்னா வேல போயிடும்."

இளவேனில் சிரித்தாள். "அப்படியெல்லாம் எழுதினா மேடம் முட்டை போடுவாங்கப்பா."

"அப்ப அவங்களையே கேளு," என்று சொல்லிவிட்டுக் கருவாட்டின் முள்ளைப் பிரித்தான்.

பின்பக்கத் தாழ்வாரத்தில், நைலான் கட்டிலில் கிழவர் சடையப்பன் உட்கார்ந்திருந்தார். சர்க்கரை வியாதி இரண்டு கண்ணையும் தின்றுவிட்டது. நிழலும் வெளிச்சமும் மட்டும்தான் தெரியும். தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, முகத்தைச் சற்றே தூக்கி வைத்தபடி இருந்தார். ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு அவர் அப்படித்தான் உட்கார்வார். சவரம் செய்துவிட ஆள் வரும்.

"சண்டே மாமாவ இன்னும் காணோம் தாத்தா," என்று இளவேனில் உள்ளிருந்து குரல் கொடுத்தாள். "இன்னிக்கு உங்களுக்கு தாடிதான்."

"வருவான்," என்றார் கிழவர். "அவன் நேரம் தப்ப மாட்டான்."

பெல்ட்டுக்கு அடியில் சிந்துகிற கரியை வாரிப்போடும் காண்ட்ராக்ட் ஆள் அவன். மூன்று வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து கிழவருக்குச் சவரம் செய்து, நகம் வெட்டி, முதுகு தேய்த்துக் குளிப்பாட்டிவிட்டுப் போவான். ஒரு டம்ளர் டீ தவிர எதையும் கையால் தொட மாட்டான். அவனுக்கு என்ன பேர் என்று அந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை. அதனால்தான் இளவேனில் அவளாக ஒரு பேர் வைத்துக்கொண்டாள்.

சோற்றுக் கையோடு இருந்தபோது அன்புமணியின் போன் அடித்தது. காண்ட்ராக்ட் சூப்பர்வைசர் ஜெயகணேஷ்.

"ஜெயப்பிரகாஷ் அண்ணே, தூங்கப் போயிட்டீங்களா? உங்க ஊருப் பக்கம் ஒருத்தர் நம்ம கேங்க்ல இருக்காரே, நீங்கதான சேத்து விட்டீங்க? காலைல ஷிப்ட் முடிஞ்சு சைக்கிள் ஸ்டாண்டுல நெஞ்சப் புடிச்சிகினு உக்காந்தாருண்ணே. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. அட்டாக்குன்னு சொல்றாங்க."

"யாரு?"

"அன்புமணிண்ணே. அன்புமணி செத்துட்டாரு."

அவன் தட்டைப் பார்த்தான். சோறு இருந்தது, விரல்கள் இருந்தன. சுண்டுவிரலில் இருந்த வலி மட்டும் போய்விட்டது.

*

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் சுரங்கம் ஊரை நோக்கி வந்தது. ஊர் இருந்த இடத்தில் இப்போது நிலமே இல்லை; பள்ளமும் அதை நிரப்பிய காற்றும்தான். நிலம் கொடுத்த வீட்டுக்கு ஒரு ஆளுக்குப் பர்மனெண்ட் வேலை என்று பேச்சு. சடையப்பனுக்கு நாலரை ஏக்கர், ஒரே மகன் ஜெயப்பிரகாஷ். மகன் கையெழுத்துப் போடாதே என்று நின்றான். நிலம் போனால் திரும்பாது, சம்பளம் ஒரு தலைமுறையோடு நின்றுவிடும் என்றான். ஊர்க்கூட்டத்தில், பத்துப் பேர் பார்க்க, சடையப்பன் மகனைச் செருப்பால் அடித்தார்.

"இனிமே என் மூஞ்சில முழிக்காத," என்றார்.

"முழிக்க மாட்டன்," என்று சொல்லிவிட்டு அவன் சேத்தியாத்தோப்பு பஸ்ஸில் ஏறிப் போனான்.

கையெழுத்துப் போட்டாயிற்று. வேலைக்கு ஆளைக் கூப்பிட்டுக் கடிதம் வந்தது. ஆள் இல்லை. பக்கத்து வீட்டுக் கண்ணகியின் மகன் அன்புமணிக்கு அதே வயசு, அதே உயரம். கண்ணகிக்கு நிலமும் இல்லை, புருஷனும் இல்லை. சடையப்பன் ஒரு மத்தியானம் போய்ப் பேசினார். மகனின் சர்டிபிகேட்டை அன்புமணி கையில் கொடுத்தார். அன்புமணி ஜெயப்பிரகாஷ் ஆனான். கண்ணகி தன் மகன் வடக்கே வேலைக்குப் போய்விட்டான் என்று ஊரில் சொன்னாள். கேட்க ஊரும் இல்லை. ஆளுக்கொரு பக்கமாக மாற்றுக் குடியிருப்புகளில் சிதறிப்போனார்கள். ஊர் கலைந்ததில் சாட்சியும் கலைந்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால், கேட்டுக்கு எதிரில் டீக்கடையில் ஒருவன் அன்புமணியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கன்னம் ஒட்டி, முன்பல் இரண்டு இல்லாமல்.

"என் பேரு நல்லா இருக்குதாடா?" என்றான்.

அன்புமணி டம்ளரை வைத்துவிட்டு எழுந்தான்.

"பயப்படாத. புடுங்கிக்க வரல. செங்கல் சூளை, கரும்பு வெட்டு, ரயில்வே கலாசி வேலன்னு எங்கெங்கயோ சுத்திட்டன். எந்தக் கார்டும் கெடயாது எனக்கு. ஒரு எடத்துல உக்காரணும்போல இருக்குது. கேட் பாஸ் வாங்கணும்னா பேரு வோணும். என் பேருதான் உன்கிட்ட மாட்டிகினு இருக்குது. உன் பேரு சும்மாதான கெடக்குது? குடு. நான் போட்டுக்கறன்."

கண்ணகியின் ரேஷன் கார்டில் அன்புமணி பேர் அப்படியே இருந்தது. பள்ளிக்கூட சர்டிபிகேட்டும் டிரங்குப் பெட்டியில் இருந்தது. ஒரு மாதத்தில் ஜெயப்பிரகாஷ் அன்புமணியாகிவிட்டான். கண்ணகி வீட்டிலேயே மகனாகத் தங்கினான்.

"அப்பாவ வந்து பாருடா," என்று அன்புமணி சொன்னான்.

"மூஞ்சில முழிக்க மாட்டன்னு சொல்லிட்டன்."

"அவருக்குத்தான் கண்ணு பூடுச்சே."

"அப்படின்னா நான் போனாலும் முழிச்ச கணக்குல வராது," என்றான். அந்த ஞாயிற்றுக்கிழமை பிளேடும் சோப்பும் வாங்கிக்கொண்டு வந்தான்.

*

ஆஸ்பத்திரியின் பின்பக்கம், பிணவறைக்கு வெளியே, கண்ணகி சிமெண்டுத் தரையில் உட்கார்ந்திருந்தாள். காலனிப் பெண்கள் இரண்டு பேர் அவளைத் தாங்கிப் பிடித்திருந்தார்கள். அவள் அழவில்லை. அன்புமணியைப் பார்த்ததும்தான் வாய் திறந்தாள்.

"ஏங்க, எம்புள்ள பூட்டாங்க!" என்றாள். பெற்ற மகனைப் பார்த்து, ஊர்ப் பெரிய மனுஷனிடம் சொல்வதுபோல. "அன்புமணி பூட்டாங்க!"

அவன் தலையை ஆட்டினான்.

ஜெயகணேஷ் காகிதங்களோடு வந்தான். இருபத்தெட்டு வயசுப் பையன். ராத்திரி முழுக்கத் தூங்காத கண்.

"அண்ணே, அடையாளம் காட்டி ஒரு ஆள் கையெழுத்து போடணுமாம். பர்மனெண்ட் ஸ்டாஃப்னா இன்னும் நல்லதுன்னு சொல்றாங்க. நீங்களே போட்டுருங்க."

உள்ளே கூட்டிப்போனார்கள். ஐஸ் பெட்டியை இழுத்தார்கள். ஜெயப்பிரகாஷின் காது மடலிலும் மூக்குத் துவாரத்திலும் கரித்தூள் இருந்தது. வாய் சற்றே திறந்து, பல் இல்லாத இடம் தெரிந்தது. கால் கட்டைவிரலில் ஒரு அட்டை கட்டியிருந்தார்கள். அதில் அன்புமணியின் பேர், அன்புமணியின் அப்பா பேர், அன்புமணி பிறந்த தேதி. அவன் அதை இரண்டு முறை படித்தான். அறைக்குள் மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது. தன்னுடைய உடம்புதான் படுத்திருக்கிறது, யாரோ வந்து நின்று பார்க்கிறார்கள் என்று ஒரு நொடி தோன்றியது.

"இவருதானே?" என்றான் அங்கிருந்த ஆள்.

"ஆமா."

"செத்தவர் பேர் சொல்லுங்க."

அவன் தன் பேரைச் சொன்னான்.

காகிதத்தில் எழுத வேண்டியிருந்தது. 'மேற்படி அன்புமணி என்பவரைச் சிறு வயது முதல் நேரில் அறிவேன். அவர் இறந்துவிட்டார் என்பதை உறுதி செய்கிறேன்.' கீழே ச. ஜெயப்பிரகாஷ் என்று கையெழுத்துப் போட்டான். பேனா தங்கு தடையில்லாமல் ஓடியது. அதுதான் அவனைப் பயமுறுத்தியது.

வெளியே வந்தபோது மற்ற பெண்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். கண்ணகி அவன் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

"காதுல கரி இருந்திச்சா?"

"இருந்திச்சும்மா."

"தொடச்சு வுடச் சொல்லு. தெனம் நான்தான் தொடப்பன்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "நேத்து சாயங்காலம் கூட்டாஞ்சோறு ஆக்கனன். இன்னும் கொஞ்சம் போடும்மான்னு வாங்கித் தின்னுட்டுத்தான் ஷிப்டுக்குப் போனான். மூணு வருசமா அவனுக்குப் போட்டுப் போட்டு, உனக்கு இன்னா புடிக்கும்னே மறந்துடுச்சுடா எனக்கு."

"சரி, அழாத."

"அழுவணும்டா. எம்புள்ள செத்திருக்கறான்னு நாலு பேரு பாக்கறாங்க. உன்னப் பாத்துகினே எப்படி அழுவறது? எந்தப் பக்கம் திரும்பி அழுவறது?"

*

வீட்டுக்கு வந்தபோது மணி பதினொன்று. திலகவதிக்குப் போனிலேயே சொல்லியிருந்தான். கல்யாணமாகி மூன்றாவது மாதமே அவளுக்கு எல்லாம் தெரியும். இளவேனிலுக்கு மட்டும் தெரியாது. அவள் சண்டே மாமாவுக்காக உள்ளே அழுதுகொண்டிருந்தாள்.

திலகவதி அடுப்படியில் நின்றபடி தாலிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு கேக்கறன், கோவப்படாத. இப்ப நான் யாரு? எனக்குத் தாலி கட்டினவன் பேருக்கு சாவு சர்டிபிகேட் எழுதிட்டாங்க. எவன் பேருக்கு நான் பொண்டாட்டின்னு கம்பெனி மெடிக்கல் புக்குல போட்டிருக்குதோ, அவன் பொணமா கெடக்கறான். எந்தப் பக்கம் கணக்கு போட்டாலும் நான் அறுத்தவதான்."

"வாய மூடு. பொண்ணு காதுல வுழப் போவுது."

"மூடிகினுதான் இருக்கறன் இருபது வருசமா."

தாழ்வாரத்தில் கிழவர் துண்டை எடுக்காமல் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். அன்புமணி போய்க் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தான். வேப்ப மரத்தில் இலைகூட அசையவில்லை. தூரத்தில் பெல்ட் ஓடும் சத்தம், எப்போதும் கேட்பதால் கேட்காமல் போய்விட்ட அந்தச் சத்தம், அன்றைக்குக் கேட்டது.

"ஆளு வரலியே," என்றார் கிழவர்.

"வர மாட்டாருப்பா."

"உடம்பு சரியில்லியா?"

"காலைல செத்துட்டாரு. நெஞ்சு வலி."

கிழவர் கையைத் தூக்கித் தன் கன்னத்தைத் தடவினார். ஒரு வாரத்து வெள்ளை முடி, உள்ளங்கையில் சரசரவென்று உரசியது. இடது தாடைக்குக் கீழே ஒரு இடத்தில் விரல் நின்றது.

"போன வாரம் இங்க கொஞ்சம் உட்டுட்டான்," என்றார். "அடுத்த வாரம் எடுத்துடலாம்னு நானும் சொல்லல."

அன்புமணி குனிந்து அந்த இடத்தைப் பார்த்தான்.

"எப்ப எடுக்கறாங்க?"

"நாலு மணிக்கு. கண்ணகி ஆயா வூட்டுலருந்து."

"எந்தப் பேருல எடுக்கறாங்க?"

திலகவதி வாசற்படியில் வந்து நின்றுவிட்டாள்.

"உங்களுக்குத் தெரியுமா?" என்றான் அன்புமணி.

"மொத மாசமே தெரியும். பிளேடு கீறி ரத்தம் வந்திச்சு. சின்ன வயசுல என்னக் கூப்புடற மாதிரியே 'நைனா, அசங்காத'ன்னான். சொல்லிட்டு அப்பிடியே நின்னுட்டான். அவன் கை என் தாடையிலயே இருக்குது. நான் கேக்காத மாதிரி இருந்துட்டன். ரெண்டு பேரும் எம்மா நேரம் அப்படியே இருந்தம்னு தெரியல. அப்பறம் அவன் மிச்சத்த வழிச்சு உட்டுட்டுப் பூட்டான்."

"ஒரு வார்த்த பேசியிருக்கலாமே."

"பேசினா? நான் அவன 'மவனே'ன்னு கூப்ட்டா நீ யாரு? உன் வேல யாருது? இந்த வூடு யாருது? உள்ள படிக்கறாளே, அவ யாரு வூட்டுப் பொண்ணு?" கிழவர் துண்டை எடுத்து மடித்தார். "நான்தான் அவன் பேர உனக்குக் குடுத்தன். குடுத்தத எப்படித் திருப்பிக் கேக்கறது? ஞாயித்துக்கெழமைக்கு ஞாயித்துக்கெழம அவன் கை மேல படுதே, போதும்னு இருந்துட்டன்."

மடித்த துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "என்னயும் இட்டுகினு போ," என்றார்.

"வேணாம் மாமா," என்றாள் திலகவதி. "அங்க ஆபீஸ் ஆளுங்க நிப்பாங்க. நீங்க ஒரு வார்த்த வாய வுட்டீங்கன்னா இவரு வேல போவும், வூட்டக் காலி பண்ணணும், ஜெயிலுக்குக்கூடப் போவணும். இருக்கறதும் போயிடும் மாமா. போனது திரும்பியா வரப் போவுது?"

"நான் இன்னாம்மா சொல்லப் போறன். பழைய பக்கத்து வூட்டுக்காரன். அப்படித்தான் போயி நிப்பன்."

*

இளவேனிலை வீட்டில் விட்டுவிட்டு, கண்ணகி குடியிருந்த காலனிக்கு ஆட்டோவில் போனார்கள். கிழவரின் ஒரு பக்கம் அன்புமணி, இன்னொரு பக்கம் திலகவதி. ரோட்டின் இரண்டு புறமும் முந்திரித் தோப்பு, காய்ந்த இலை, அனல். தோப்புக்கு அப்பால் சுரங்கத்திலிருந்து கொண்டுவந்து கொட்டிய மண் மலை நின்றது. ஊரின் மேல்மண்ணெல்லாம் அங்கேதான் எங்கேயோ இருக்கிறது. எந்த மண் எந்த வீட்டு வாசல் என்று யாராலும் சொல்ல முடியாது.

கண்ணகி வீட்டு முன்னால் பந்தல் போட்டிருந்தார்கள். காண்ட்ராக்ட் ஆட்கள் முப்பது பேர் வந்திருந்தார்கள். ஜெயகணேஷ் மாலை வாங்கி வந்திருந்தான். பந்தல் காலில் ஒரு தட்டி கட்டியிருந்தது: கண்ணீர் அஞ்சலி, அன்புமணி, வயது 42. கேட் பாஸில் இருந்த போட்டோவைப் பெரிதாக்கிப் போட்டிருந்தார்கள். அதில் ஜெயப்பிரகாஷ் வாயை மூடிக்கொண்டிருந்தான்.

"பெரியவர் யாருப்பா?" என்று ஒருவன் கேட்டான்.

"நம்ம ஜெயப்பிரகாஷ் அண்ணனோட அப்பா," என்று ஜெயகணேஷ் பதில் சொன்னான். "செத்தவருதான் இவருக்கு வாராவாரம் ஷேவிங் பண்ணி உடுவாராம். அந்தப் பாசம்."

"கொடுத்து வெச்சவருதான். வேலைக்காரனுக்கு யாரு இப்பிடி வர்றாங்க?"

கிழவர் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கொள்ளி யார் வைப்பது என்று பேச்சு வந்தது. கல்யாணம் ஆகாதவன், அப்பன் இல்லை, அண்ணன் தம்பி இல்லை என்றார்கள். கண்ணகியின் கொழுந்தன் மகன் நெல்லிக்குப்பத்திலிருந்து வந்திருந்தான்; செத்தவனை அவன் சின்ன வயசில் பார்த்ததோடு சரி. முகத்தைக் குனிந்து பார்த்துவிட்டு, "ஆளே மாறிப் பூட்டாரு," என்றான். "சரி, நானே வெக்கறன்." ஒரு அடி தள்ளி அப்பன் உட்கார்ந்திருந்தார். வாய்க்கரிசி போடும்போது, ஊர்க்காரர்கள் வரிசையில் பதினாலாவது ஆளாக அவர் கையைப் பிடித்துக் கொண்டுபோய்ப் போடவைத்தார்கள். அவர் விரல்கள் அரிசியை விட்ட பிறகும் அந்த மோவாயின் மேல் கொஞ்சம் நின்றன. ஒரு நாள் தாடி அங்கேயும் இருந்தது.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண்கள் வரக்கூடிய கடைசி எல்லையில், காலனி முடிந்து தோப்பு தொடங்கும் இடத்தில், பாடையை இறக்கிவைப்பார்கள். பெற்றவளோ கட்டியவளோ காதருகே குனிந்து, பேர் சொல்லி மூன்று முறை கூப்பிட வேண்டும். உயிர் எங்கேயாவது ஒட்டிக்கொண்டிருந்தால் அது பேருக்குத் திரும்பும். மூன்றுக்கும் பதில் இல்லை என்றால்தான் தூக்கிக்கொண்டு மேலே போவார்கள்.

பறை நின்றது. பாடையை இறக்கினார்கள். ஆட்டோ ஓரமாக நின்றது. கிழவர் உள்ளே இருந்தார், அன்புமணி கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றான்.

கண்ணகி பாடைக்குப் போகவில்லை. தண்ணீர் கேட்கிற மாதிரி ஆட்டோ பக்கம் வந்தாள். அவன் கையில் இருந்த பாட்டிலை வாங்கிக்கொண்டு, உதடு அசையாமல் சொன்னாள்.

"நீ தோப்புக்குள்ள தூரமாப் பூடு. உசுரோட நிக்கறவன் பேரப் பொணத்துக் காதுல சொல்லப் போறன். உனக்குக் கேக்கக் கூடாது."

"இவர வுட்டுட்டு எப்படிம்மா போறது?"

"அப்படின்னா வாயத் தொறக்காத. பெத்தவ கூப்புடறாளேன்னு ஏதும் சொல்லிடாத. சாமி, பல்லக் கடிச்சிகினு நில்லு."

அவள் போய்க் குனிந்தாள்.

"அன்புமணீ..."

இருபத்திரண்டு வருஷமாக அந்தப் பேரைப் பெற்றவள் வெளிச்சத்தில் சத்தமாகக் கூப்பிட்டு அவன் கேட்டதில்லை. சின்ன வயசில் விளையாட்டிலிருந்து சோற்றுக்குக் கூப்பிடும் அதே இழுப்பு. அவன் பல்லைக் கடித்தான்.

"எய்யா, அன்புமணீ..."

வெயிலில் தோப்பு முழுக்க அசைவற்று நின்றது. கம்பியைப் பிடித்த கை வேர்த்து வழுக்கியது. வாயைத் திறக்கவில்லை. கண்ணை மட்டும் மூடிக்கொண்டான். மூடினால், படுத்திருப்பது தானென்று இருந்தது.

மூன்றாவது வரவில்லை. கண்ணகிக்குக் குரல் எழும்பவில்லை. வாய் அசைந்தது, சத்தம் இல்லை. "கூப்புடு ஆயா, இன்னொண்ணுதான்," என்றார்கள். "நேரம் ஆவுது, கூப்புடு."

அப்போது ஆட்டோவுக்குள்ளிருந்து கிழவர் கத்தினார்.

"ஜெயப்பிரகாசு!"

கூட்டம் முழுக்கத் திரும்பியது. திலகவதி சேலை முனையை வாயில் அழுத்திக்கொண்டாள். கிழவரின் முகம் பாடை இருந்த திசையில் இருந்தது. கழுத்து நரம்பு புடைத்து, இரண்டு கையும் முன்னால் நீண்டிருந்தன.

"இன்னாப்பா?" என்றான் அன்புமணி.

யோசித்துச் சொல்லவில்லை. பெற்றவள் தன் பேரை இரண்டு தரம் கூப்பிட்டும் அடங்கிக் கிடந்த வாய், அடுத்தவன் பேருக்குத் தானாகத் திறந்துகொண்டது. இருபத்திரண்டு வருஷப் பழக்கம். சொல்லிவிட்டு, பழக்கப்படியே ஆட்டோவுக்குள் குனிந்து அவர் கையைப் பிடித்தான்.

"பெரியவருக்கு மயக்கம்போல இருக்குது, புள்ளையக் கூப்புடறாரு," என்றான் ஜெயகணேஷ். "தண்ணி குடுங்கண்ணே. வெயில்ல இட்டாந்திருக்கக் கூடாது."

"பாவம், புள்ள பக்கத்துல நிக்கறதுகூடத் தெரியல. கண்ணு இல்லாதவரு."

யாரோ தண்ணீர் நீட்டினார்கள். கிழவர் வாங்கவில்லை. நீட்டிய கைகளை மெல்ல மடியில் வைத்துக்கொண்டார். அங்கே கண்ணகி மூன்றாவது தடவையாக, பிணத்தைப் பார்க்காமல், தலையைத் தூக்கி ஆட்டோ பக்கம் பார்த்தபடி, "அன்புமணி" என்றாள். அது கூப்பிட்டது மாதிரியே இல்லை. பதில் வரவில்லை. பறை அடித்தது, தூக்கினார்கள்.

*

குவார்ட்டர்ஸ் பின்பக்கக் குழாயடியில், தலை முழுகுவதற்காகக் கிழவரை முக்காலியில் உட்காரவைத்தான் அன்புமணி. சாயங்கால வெளிச்சம் இன்னும் இருந்தது. இரண்டாவது சொம்பு ஊற்றியபோது கிழவர் அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

"நான் உன்னக் கூப்புடல."

"தெரியும்."

"அப்பறம் ஏன்டா வந்த?"

"வாயில வந்துடுச்சு."

"சொல்லிடணும்னுதான் கூப்ட்டன். 'இவன்தான் எம்புள்ள, பாத்துக்குங்கடா'ன்னு அடுத்த வார்த்த வாயில நின்னுச்சு. நீ 'இன்னாப்பா'ன்ன. அத்தோட முடிஞ்சுபோச்சு. ஒருத்தனுக்கும் ஒண்ணும் தோணல." தண்ணீர் அவர் தாடியிலிருந்து சொட்டியது. "நல்ல வேளன்னு உன் பொண்டாட்டி நெனச்சுகினு இருப்பா. நானும் அப்படித்தான் நெனைக்கணும்."

"கொள்ளி வெச்சு முடிஞ்சுபோச்சுப்பா. இனிமே இன்னா பண்றது?"

"அன்புமணிக்கு மூணும் கூப்ட்டாச்சு. அவன் இங்க நின்னு சொம்புல மொண்டுகினு இருக்கறான். செத்தவனுக்கு யாரும் கூப்புடல. நான் ஒண்ணு கூப்ட்டன், அதயும் நீ வாங்கிகின." மணிக்கட்டை விட்டார். "அவன் பேரு உன்கிட்ட இருக்குது. மூணு கூப்பாடு நீ அவனுக்குப் பாக்கி."

அன்புமணி சொம்பைத் தண்ணீரில் அமிழ்த்தினான். வாசலில் யாரோ காலிங் பெல்லை அடித்து, சார் இருக்கிறாரா என்று அவனுடையதல்லாத அந்தப் பேரைச் சொல்லிக் கேட்டார்கள். இந்த முறை அவன் உடனே பதில் சொல்லவில்லை.

"பாக்கிதாம்ப்பா," என்றான் கிழவரிடம். "மூணும் பாக்கி."